குப்பை இல்லாத வீடு

"பணக்கார வீட்டுக் குப்பையாவது வாசனையா இருக்கும்னு நெனச்சேன் டீச்சர். குப்பையே இல்ல," என்றான் தகரம்.

அந்தப் புதிய அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறம், வீட்டு எண் எழுதிய தொட்டிகளை வரிசையாக வைத்திருக்கும் அறையிலிருந்து அவன் வெளியே வந்தான். முழங்கை வரை ரப்பர் உறை. தலையில் எவர் வீட்டிலோ உரித்த பூண்டுத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தாள், ஆனால் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் அல்லவா?

"சரியா பாத்தியா?"

"இந்த வாரம் பூரா பாத்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை வியாதியை வெச்சுக்கிட்டு பொண்டாட்டிக்குத் தெரியாம சாக்லேட் சாப்பிடுறார். கீழ் வீட்டுப் பாட்டுக்கார அம்மாவுக்கு நரைமுடி. ஊர் ரகசியமெல்லாம் என் கையில. நம்ம எஞ்சினியர் தொட்டி மட்டும் கழுவிக் கவுத்த மாதிரி கிடக்கு. ஒரு பேப்பர் கெடையாது, பழத்தோல் கெடையாது."

டீச்சர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். இப்போது துப்பறிகிறாள். பெயர் மட்டும் பழைய வேலையிலிருந்து அவளோடு வந்துவிட்டது. தகரம் அவளுடைய உதவியாளன். முப்பது வயதைத் தாண்டியும் அவன் வாய் தெருவில் உருளும் தகர டப்பாவைப் போல ஓயாது என்பதால் அந்தப் பெயர். அவனைப் பெற்றவளே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

வழக்கு இதுதான். இந்த எஞ்சினியர் ஒரு பெரிய அச்சகத்தில் இயந்திரங்களைப் பார்த்துக் கொண்டிருந்தவர். விவாகரத்து ஆனபோது அவருடைய அன்றைய சம்பளத்தை வைத்து, மகளுக்கு மாதாமாதம் இவ்வளவு ஜீவனாம்சம் தர வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டது. பிறகு அச்சகம் மூடப்பட்டது. "இப்போது கோடவுனில் பார்சல் தூக்குகிறேன், இன்றைய வருமானத்துக்கு ஏற்றபடி உத்தரவை மாற்றுங்கள்" என்று அவர் மனுப் போட்டிருக்கிறார். நாளைக் காலை விசாரணை. மனு தள்ளுபடியானால் கட்டாத பாக்கிக்காக அவர் சிறைக்குப் போக வேண்டியதுதான்.

போன வாரம் டீச்சரை அழைத்துப் பேசியவர் அவருடைய முன்னாள் மைத்துனர், சோபா கடைக்காரர். கடைக்குள்ளேயே பேச்சு நடந்தது. வாடிக்கையாளர் என்று ஒரு ஈ காக்கை இல்லை.

"கழுவுற மீன்ல நழுவுற மீன் அவன். மூட்டை தூக்குறவன் பத்தாவது மாடி பால்கனியில நின்னு காப்பி குடிப்பானா? போட்டோ பாருங்க. நீங்க அதிகம் சிரமப்பட வேண்டாம். அவன் அந்த வீட்ல இருக்கிறதை ரெண்டு கண்ணால பாருங்க, கோர்ட்ல வந்து பாத்தேன்னு சொல்லுங்க," என்றார் சோபா கடைக்காரர்.

அவருடைய தங்கை, எஞ்சினியரின் முன்னாள் மனைவி, மருந்துக் கடையில் வேலை செய்பவள், அண்ணன் வீட்டு மாடியில் மகளோடு வாடகைக்கு இருப்பவள், ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.  அண்ணன் பேசி முடித்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அவருக்கு நெஜமாவே வேலை போயிருந்தா, அதை எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

அந்த நேரத்தில்தான் தகரம் மேஜை மேலிருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் கை விட்டு, ஒரு சிவப்பு ஆப்பிளை எடுத்து ஆசையாகக் கடித்தான். ஆப்பிள் மெழுகு. காட்சிக்கு வைத்தது. அவன் துப்பிய துப்பலில் பேச்சு முடிவுக்கு வந்தது.

இப்போது டீச்சர் கழுத்தை நிமிர்த்திப் பத்தாவது மாடியைப் பார்த்தாள்.

"தகரம், ஒரு ஆள் தனியா ஒரு வீட்ல இருந்தா எத்தனை ரூம்ல லைட் போடுவான்?"

"ஒண்ணுல. கரண்ட் பில் அவனே கட்டுறதா இருந்தா அதையும் யோசிச்சுப் போடுவான்."

"தினம் சாயங்காலம் இந்த வீட்ல எல்லா ரூம்லயும் லைட் எரியுது. திரைச்சீலை எல்லாம் விரியத் திறந்து கிடக்கு. பால்கனிச் செடிக்கு யாரும் தண்ணி ஊத்தி நான் பாக்கல. ஆனா ஒரு இலை வாடல. உள்ள இருக்கிறவன் தனக்காகப் போடுற லைட் இல்ல இது. வெளியில இருக்கிறவங்க பாக்குறதுக்காகப் போடுறது."

"அப்படி லைட் போடுற எடம் ஒண்ணுதான் டீச்சர் எனக்குத் தெரியும். நகைக்கடை."

"கிட்ட வந்துட்ட. நீ இப்போ என் தம்பி. நாம வீடு வாங்க வந்திருக்கோம்."

"நான் வீடு வாங்குறேனா? எங்கம்மா கேட்டா மயக்கம் போட்டு விழும்."

"தலையில பூண்டுத் தோல் இருக்கு. அதை எடு முதல்ல."

கீழே விற்பனை அலுவலகத்தில் கழுத்தை நெரிக்கும்படி டை கட்டிய ஒருவர் இருந்தார். வீடு வாங்க வந்தவர்கள் என்றதும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. லிஃப்டில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மத்த இடத்துல சும்மா ஒரு மாதிரி வீட்டைக் காட்டுவாங்க மேடம். நாங்க அப்படி இல்ல. ஒரு குடும்பம் நெஜமா குடியிருக்கிற வீட்டையே காட்டுறோம். எஞ்சினியர். பொண்டாட்டி, ஒரு பொண்ணு. எல்லாரும் வெளிய போயிருக்காங்க. அவங்க முகத்துல இருக்கிற சந்தோஷத்தை நீங்க பாக்கணும்."

பத்தாவது மாடி. கதவு திறந்தது. வெள்ளை சோபா, கண்ணாடி மேஜை, சுவரை அடைத்த தொலைக்காட்சி, அலமாரி நிறையத் தடித்தடியான புத்தகங்கள். குடியிருக்கும் வீட்டுக்கென்று ஒரு வாசம் இருக்கும். துணியோ தாளிப்போ சோப்போ ஏதாவது ஒன்று. இங்கே பெயிண்ட் வாசம் மட்டும் அடித்தது.

டைக்காரரின் போன் அடித்தது. "வந்துட்டீங்களா சார்? இதோ கீழ வர்றேன்," என்றவர், "பொறுமையா பாருங்க மேடம், கொஞ்ச நேரத்துல வந்துடுறேன்," என்று லிஃப்டுக்கு ஓடினார்.

கதவு மூடியதும் தகரம் தொலைக்காட்சியை விரலால் சுண்டினான். டொக்கென்றது. அட்டை. புத்தகம் ஒன்றை உருவினான். முதுகு மட்டும் கையோடு வந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தான். உள்ளே விளக்கு எரியவில்லை. காலி ஜூஸ் டப்பாக்கள் அணிவகுத்து நின்றன.

"இந்த வீட்ல திருடன் வந்தா அழுதுட்டே போவான் டீச்சர்."

டீச்சர் குழந்தைக்கான அறைக்குள் நின்றிருந்தாள். இளஞ்சிவப்புக் கட்டில், நட்சத்திரம் ஒட்டிய கூரை, தூசு படாத பொம்மைகள். தலையணையில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதன் ஓரத்தில் நீளமான தலைமுடி ஒன்று ஒட்டியிருந்தது. இந்த வீட்டில் ஒரு நிஜமான ஆள் படுத்து எழுந்ததற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

"டீச்சர், இங்க வாங்க," என்று சமையலறையிலிருந்து தகரம் கூப்பிட்டான். அவன் குரலில் வழக்கமான கேலி இல்லை.

ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து பிடித்தபடி அவன் நின்றான். உள்ளே, பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் பை. கையில் பாதி தின்ற ரொட்டி. இன்னொரு கையைக் கிண்ணம் போலக் குவித்து, உதிரும் துகளைப் பிடித்துக் கொண்டிருந்தார். போட்டோவில் பால்கனியில் நின்ற அதே முகம்.

"அவர் போயிட்டாரா?" என்று கிசுகிசுத்தார் எஞ்சினியர்.

"போயிட்டார். வீட்டை ஆளோட சேத்துத்தான் விக்கிறாங்கன்னு அவர் சொல்லவே இல்லையே," என்றான் தகரம்.

"தயவுசெஞ்சு என்னைப் பாத்ததாக் காட்டிக்காதீங்க. வீடு பாக்க பார்ட்டி வர்ற நேரத்துல நான் வெளிய இருக்கணும். அதுதான் பேச்சு. இன்னிக்குக் காய்ச்சல், கோடவுனுக்குப் போக முடியல. வேற எங்க போறதுன்னும் தெரியல."

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. தான் யார், எதற்காக வந்தேன் என்று நேராகச் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் துகளைப் பைக்குள் போட்டு முடிச்சிட்டார்.

"குப்பையெல்லாம் இதுலதான் போகுதா?" என்றாள்.

"கோடவுன் தொட்டியில போட்டுடுவேன். இந்த வீட்ல சமைக்கக் கூடாது. சாமானைத் தொடக் கூடாது. சாயங்காலம் எல்லா லைட்டையும் போடணும், பால்கனியில ஒரு கப்பை வெச்சுக்கிட்டு நிக்கணும். கப்புல ஒண்ணும் இருக்காது. இது என் வீடு இல்லைன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அதுக்குப் பதிலா வாடகை இல்ல."

"அப்போ நாளைக்குக் கோர்ட்ல இதைச் சொல்லிட்டா முடிஞ்சுதே. வருமானம் இல்லைங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

எஞ்சினியர் சிரித்தார். சிரிப்பில் காய்ச்சல் இருந்தது.

"பாப்பா ஞாயித்துக்கிழமை எங்கூட தங்கணும்னா அவளுக்குன்னு தனி ரூம் இருக்கணும்னு அதே கோர்ட்டு சொல்லியிருக்கு. கோடவுன் ஆளுங்களோட ஒரே ரூம்ல படுத்துட்டிருந்தேன். அங்க பொம்பளப் புள்ளைய எப்படிக் கூட்டிட்டு வர்றது? அதுக்காகத்தான் இங்க வந்தேன். உண்மையைச் சொன்னா இந்த வீடு போகும், புள்ள வராது. சொல்லலைன்னா இவ்வளவு பெரிய வீட்ல இருக்கிறவன் பொய் சொல்றான்னு உள்ள போடுவாங்க. உள்ள போனாலும் புள்ள வராது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிம்பாங்களே, அதுதான் மேடம்."

"மனுவையாவது அச்சகம் மூடின உடனே போட்டிருக்கலாமே," என்றாள் டீச்சர்.

"வேற வேலை கெடைச்சிடும்னு நெனச்சேன். வேலை போச்சுன்னு எழுதிக் குடுக்கக் கூச்சமா இருந்துச்சு. நாள் ஓடிப் போச்சு. இப்போ கேட்டா, மனு போட்ட தேதியில இருந்துதான் குறைப்பாங்களாம். அதுக்கு முந்தின பாக்கியை ஜட்ஜே தொட முடியாதாம்."

 தகரத்துக்குச் சோகக் கதை என்றால் ஆகாது. கூடத்துக்குப் போய், மேஜை மேலிருந்த கிண்ணத்தைத் துழாவினான். உடனே திரும்பி வந்தான். கையில் ஒரு சிவப்பு ஆப்பிள்.

"டீச்சர், என் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்குல்ல?"

"அதுக்கென்ன இப்போ?"

"இந்த ஆப்பிளுக்கும் இருக்கு."

டீச்சர் வாங்கிப் பார்த்தாள். மெழுகில் பல் பதிந்திருந்தது. நடுவில் சந்து. சோபா கடையில் அவன் ஆசையாகக் கடித்த அதே ஆப்பிள்.

"இந்தக் கிண்ணம் எப்போ வந்துச்சு?" என்று எஞ்சினியரிடம் கேட்டாள்.

"முந்தாநாள். நான் இல்லாதப்போ சாமான் வரும், போகும். யார் அனுப்புறாங்கன்னு எனக்குத் தெரியாது."

"உங்களை இங்க குடி வெச்சது யாரு?"

"டை கட்டியிருக்காரே, அவர்தான். ஒரு நாள் போன் பண்ணினார். என் நம்பர் எப்படிக் கெடைச்சுதுன்னு அப்போ கேக்கத் தோணல. தலைக்கு மேல கூரை வருதுன்னா யாரு கேள்வி கேப்பாங்க?"

டீச்சர் ஆப்பிளைக் கைப்பையில் போட்டுக் கொண்டாள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதில் பாதி தன் மேலேயே.

"தகரம், நம்மளை எதுக்கு வேலைக்கு வெச்சாங்கன்னு புரியுதா? எலியைப் பிடிக்க இல்ல. எலி எப்பவோ மாட்டிக்கிச்சு. பொறியை வெச்சவரு, எலி உள்ள இருக்குன்னு சத்தியம் பண்ண வெளியாள் தேடியிருக்காரு. நாளைக்குக் கூண்டுல ஏத்தி, இவர் அந்த வீட்ல இருக்காரா இல்லையான்னு கேப்பாங்க. இருக்கார்னுதான் நான் சொல்லணும். அது பொய்யும் இல்ல."

"அப்போ நாமதான் பொறியில வெச்ச தேங்கா."

டீச்சர் போனை எடுத்தாள். முன்னாள் மனைவி வேலை செய்யும் மருந்துக் கடை இரண்டு தெரு தள்ளித்தான். "உங்க பொண்ணு ஞாயித்துக்கிழமை தூங்குற ரூமை நீங்க பாக்கணும். இப்பவே வாங்க. அண்ணன்கிட்ட சொல்ல வேண்டாம்," என்றாள்.

கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் வந்து சேர்ந்தாள். கதவருகே முன்னாள் கணவரைப் பார்த்ததும் முகம் இறுகியது. டீச்சர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தொலைக்காட்சியைச் சுண்டிக் காட்டினாள். புத்தகத்தை உருவிக் காட்டினாள். ஸ்டோர் ரூமைத் திறந்து, கவிழ்த்த பெயிண்ட் டப்பாவைக் காட்டினாள். பாதி ரொட்டி இன்னும் அங்கேயே இருந்தது.

மருந்துக் கடைக்காரி குழந்தையின் அறைக்குப் போனாள். தலையணையை எடுத்து மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா பாப்பா பாக்கெட் பூரா குப்பை," என்றாள் யாரையும் பார்க்காமல். "சாக்லேட் பேப்பர். பென்சில் சீவின தூள். ரொட்டி ஓரம். ஏன்டி இப்படிச் சேத்துட்டு வர்றேன்னு கேட்டா பதிலே சொல்ல மாட்டா. ஒரு நாள் கை நீட்டிட்டேன்."

"விளையாட்டுன்னு சொல்லிக் குடுத்தேன். நாம இருந்ததுக்கு அடையாளமே இல்லாம போகணும், அப்படி ஒரு விளையாட்டுன்னு. அவ என்னைவிட நல்லா வெளையாடுவா," என்றார் எஞ்சினியர்.

அவள் அழுதாள். அவர் எது செய்தாலும் தப்பாகிவிடும் என்று தெரிந்த ஆளைப் போல வாசலிலேயே நின்றார். தகரம் கூரையில் ஒட்டியிருந்த நட்சத்திரங்களை எண்ணுவது போல அண்ணாந்து கொண்டான்.

வெளியே லிஃப்ட் நிற்கும் ஓசை கேட்டது. சாவி திரும்பியது.

எஞ்சினியருக்கு யோசிக்கும் பழக்கம் போய், ஒளியும் பழக்கம் வந்து வெகு நாளாகியிருந்தது. முன்னாள் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் பாய்ந்தார். பின்னாலேயே டீச்சர், அவள் பின்னால் தகரம். ஒருவர் உட்காரவே திணறும் இடத்தில் நான்கு பேர். கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தியதும் இருட்டு. மருந்துக் கடைக்காரியின் முகம் எஞ்சினியரின் தோளில் இடித்தது. நகர இடமில்லை. விவாகரத்து வாங்கும்போது இப்படி ஒரு நெருக்கம் வரும் என்று இருவரிடமும் எந்த வக்கீலும் சொல்லவில்லை.

"அந்தப் பார்ட்டி எங்க?" டைக்காரர் குரல். "கிளம்பிப் போயிட்டாங்க போல. சரி வாங்க சார், நீங்க போட்டோ எடுங்க."

"கோர்ட்டுக்குக் காட்டணும். சோபா நல்லாத் தெரியணும், டி.வி. தெரியணும்," என்றது இன்னொரு குரல்.

இருட்டில் மருந்துக் கடைக்காரி மூச்சை இழுத்தாள். அந்தக் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள்.

"நாளைக்கு மாப்பிள்ளை உள்ள போனதும் ஆளை மாத்திக்குங்க. இவனை இங்க குடி வைக்கச் சொன்னது போதும், இனிமே தேவையில்ல," என்றார் சோபா கடைக்காரர், சிரித்துக் கொண்டே.

"பாவம் சார். ஆள் நல்லாத்தான் இருக்கார். ஒரு தூசு விழ விட மாட்டார்."

"நல்லவன்தான். நான் இல்லைன்னா சொல்றேன்?"

அவ்வளவுதான். மருந்துக் கடைக்காரி கதவைத் தள்ளினாள். தகரம் கதவில் சாய்ந்திருந்ததால் முதலில் அவன்தான் வெளியே விழுந்தான். அவனைத் தாண்டி அவள் கூடத்துக்கு வந்தாள்.

சோபா கடைக்காரர் கையில் போனைப் பிடித்தபடி உறைந்தார். தங்கை, அவள் பின்னால் மாப்பிள்ளை, அவர் பின்னால் தான் வேலைக்கு வைத்த டீச்சர்.

"நல்லவன்னு தெரிஞ்சுதான் செஞ்சீங்களாண்ணா?"

"உனக்காகத்தான் செஞ்சேன். நீ தினம் நின்னுக்கிட்டே வேலை பாத்துட்டு வர்றதை நான் பாக்கிறேன்ல? அவன் கட்டுறது குறைஞ்சா நீ என்ன பண்ணுவ? ரெண்டு நாள் உள்ள இருந்தா எங்கயாவது கடன் வாங்கிப் பாக்கியைக் கட்டிடுவான்."

"உங்க மாடிக்கு வாடகை குடுக்க முடியாது. அதானே?"

அவர் முகம் மாறியது. 

"கடையில ஈ ஓட்டிட்டிருக்கேன். மாடி வாடகையிலதான் வீட்ல அடுப்பெரியுது. உங்க அண்ணிகிட்ட போய்ச் சொல்லு, தங்கச்சிகிட்ட வாடகை வாங்க மாட்டேன்னு. நானும் மனுஷன்தான்," என்றவர் குரலைத் தணித்தார். "இங்க பாரு. நாளைக்குக் கோர்ட்ல நீ வாயத் திறந்தேன்னா, மாடியைக் காலி பண்ணிடு. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத."

எஞ்சினியர் முதல் முறையாகக் குரலை உயர்த்திப் பேசினார். "வேண்டாம். நீ ஒண்ணும் சொல்லாத. நான் உள்ள போய்க்கிறேன். பாப்பாவுக்கு ஒரு கூரையாவது இருக்கட்டும்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அவள். "வேலை போச்சுங்கிற ஒரு வார்த்தையை எங்கிட்ட சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? ஆளாளுக்கு எம் பொண்ணுக்குக் கூரை போடுறீங்க. அவ பாக்கெட்ல குப்பையோட திரியுறா." டீச்சர் பக்கம் திரும்பினாள். "நான் எதிர்க்கலைன்னு சொன்னா என்ன ஆகும் மேடம்?"

"நீங்க எதிர்க்கலைன்னா சாட்சியே தேவையில்ல. இவர் இப்போ வாங்குற சம்பளத்துக்கு உத்தரவை மாத்திடுவாங்க. இந்த வீட்டைப் பத்திப் பேச்சே வராது. பழைய பாக்கியை ஜட்ஜ் தொட முடியாது, ஆனா வாங்க வேண்டிய நீங்க விட்டுக் குடுக்கலாம். இவர் உள்ள போக வேண்டியதில்ல." டீச்சர் அதோடு விடவில்லை. கணக்கு வாத்தியாருக்கு மிச்சத்தை மறைக்கத் தெரியாது. "ஆனா உங்களுக்கு வீடு போயிடும்."

மருந்துக் கடைக்காரி அந்தக் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு டைக்காரரிடம் போய் நின்றாள்.

"புருஷன், பொண்டாட்டி, ஒரு பொண்ணுன்னுதானே வர்றவங்ககிட்ட சொல்றீங்க?"

"ஆமாம் மேடம். ஆனா…"

"வெறும் பேச்சாத்தானே சொல்றீங்க. நாங்க மூணு பேரும் நெஜமாவே இங்க இருந்தா?"

டைக்காரரின் கண்கள் மெல்ல விரிந்தன. அவர் பதறியது போய்க் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"குடும்பமா இருந்தா… நல்லாத்தான் இருக்கும். ஒளியக் கூட வேண்டாம். பார்ட்டி வர்ற நேரத்துல சோபாவுல உக்காந்து சிரிச்சுப் பேசிட்டிருந்தாப் போதும். வீடு விக்கிற வரைக்கும் இருக்கலாம்."

"சமைப்பேன். குப்பை போடுவேன்."

"போடுங்க மேடம். தொட்டியில போடுங்க."

சோபா கடைக்காரர் கதவைப் படீரென்று சாத்திவிட்டுப் போனார். சோபாவை எடுத்துப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அதற்கான பணம் கட்டடக்காரரிடமிருந்து அவருக்கு இன்னும் வரவில்லை; எடுத்துப் போனால் வரவே வராது.

தகரம் டீச்சரின் காதருகே குனிந்தான்.

"நல்லா சிரிச்சா வீடு சீக்கிரம் வித்துடும், தெருவுக்கு வந்துடுவாங்க. சிரிக்கலைன்னா டைக்காரர் தெருவுல விட்டுடுவார். இது என்ன டீச்சர் ஏற்பாடு?"

"எனக்கும் இதுக்கு விடை தெரியல."

டைக்காரரின் போன் மறுபடியும் அடித்தது. "மேல அனுப்புங்க," என்றவர் டையை இறுக்கிக் கொண்டார். "ஒரு பார்ட்டி வருது. இப்பவே ஆரம்பிச்சுடலாமா?"

அழைப்பு மணி அடித்தது. எஞ்சினியரின் கால்கள் தாமாகவே ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பின. மருந்துக் கடைக்காரி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க போறீங்க? உக்காருங்க."

வெள்ளை சோபாவின் ஒரு முனையில் அவர் உட்கார்ந்தார். மறு முனையில் அவள். டைக்காரர் கதவுப் பிடியில் கையை வைத்தபடி, இன்னும் கிட்டே என்று கண்ணால் ஜாடை காட்டினார். இருவரும் நகர்ந்தார்கள். இன்னும் என்றார். நகர்ந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். அவர் எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்த கையை, அவளே எடுத்துத் தன் தோளில் போட்டுக் கொண்டாள்.

கதவு திறந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று உள்ளே வந்தது. அந்தப் பெண் சுவரைப் பார்க்கவில்லை, தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. சோபாவில் இருந்தவர்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நாமளும் இவங்களை மாதிரியே இருக்கணும், என்ன?" என்றாள் கணவனிடம்.

சோபாவில் இருந்த இருவரும் அவளைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.